பிஞ்சிலே பட்ட பசி

மும்பையில் பாண்டுப் என்று ஒரு பகுதி உண்டு. ரயில் நிலையத்தில் இறங்கி மேற்கே நடந்தால் கடைத்தெரு. கடைத்தெருவைத் தாண்டினால் குன்றுகள். குன்றுச் சரிவில் வரிசை வரிசையாகச் சிறு வீடுகள். மராத்தி பேசுபவர்கள், இந்தி பேசுபவர்கள், தமிழ் பேசுபவர்கள் என்று எல்லாரும் அங்கே கலந்து வாழ்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்களும் இருக்கிறார்கள்.

அப்படி வந்த ஒரு குடும்பம். அப்பாவுக்குக் கட்டட வேலை. அம்மா நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். கூடவே பாட்டியும் இருக்கிறார். மகனுக்கு எட்டு வயது.

மகன் இப்போது நன்றாகத்தான் சாப்பிடுகிறான். ஆனாலும் ஒரு குறை. குக்கர் விசில் அடித்தால் துள்ளி விழுகிறான். முழங்காலில் சின்னச் சிராய்ப்பு பட்டால் அரை மணி நேரம் அழுகிறான். பரீட்சை வந்தால் வயிற்று வலி என்று சுருண்டு படுக்கிறான். டாக்டரிடம் காட்டினார்கள். "வயிற்றில் ஒன்றும் இல்லை" என்றார் டாக்டர்.

"பயந்தாங்கொள்ளி" என்றார் பாட்டி.

"நடிக்கிறான்" என்றார் அப்பா. ஒரு பரீட்சை நாளில் கை ஓங்கினார். நாலு அடி விழுந்தது. அன்று முதல் மூன்று நாள் பையன் பள்ளிக்கூடமே போகவில்லை. கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான்.

அம்மா அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. பெயர் பதிவதற்காக அங்கன்வாடிக்குப் போனார். அங்கே டீச்சரும் தமிழ்ப் பெண்தான். பக்கத்துச் சந்தில் இருப்பவர்.

"அக்கா, மூத்தவன் இப்படி இருக்கான். வயித்துல இருக்கிறதும் இப்படியே பிறந்திருமோன்னு பயமா இருக்கு" என்றார் அம்மா.

"அவனோட பழைய எடை அட்டை இருக்கா? எடுத்துட்டு வா" என்றார் டீச்சர்.

அட்டை வந்தது. பிறந்தபோது எடை 1 கிலோ 900 கிராம். ஒரு வயதில் 6 கிலோ. இரண்டுமே மிகவும் குறைவு.

"அந்த வருஷம் மழையில அவருக்கு வேலையே இல்லக்கா. நான் டீயும் பாவும் சாப்பிட்டே நாளை ஓட்டினேன். இவன் பிறந்த பிறகு மாசம் ஒரு தடவை பேதி. ஒரு வயசு வரைக்கும் தேறவே இல்ல."

டீச்சர் கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்தார். பிறகு சொன்னார்: "அவன் நடிக்கல தாயி. அவன் உடம்பு அப்படி வளர்ந்திருக்கலாம். அடிச்சா இது சரியாகாது. இன்னும் கூடும்."

டீச்சர் சொன்னது சரியா? சின்ன வயதுப் பசிக்கும் பெரிய வயதுப் பயத்துக்கும் என்ன தொடர்பு? பசிக்கும் வலிக்கும் என்ன தொடர்பு? பார்ப்போம்.

ஆயிரம் நாள்

குழந்தை தாய் வயிற்றில் இருப்பது சுமார் 270 நாள். பிறந்த பிறகு முதல் ஆண்டு 365 நாள். இரண்டாம் ஆண்டு 365 நாள். கூட்டினால் 1000 நாள்.

இந்த ஆயிரம் நாளில்தான் மூளை வேகமாக வளர்கிறது. பிறக்கும்போது குழந்தையின் மூளை பெரியவர் மூளையில் கால் பங்கு அளவுதான் இருக்கும். இரண்டு வயதில் முக்கால் பங்குக்கும் மேல் வளர்ந்துவிடும். அதன் பிறகு வளர்ச்சி மெதுவாகிறது.

வீடு கட்டுபவர்களுக்கு இது தெரியும். அஸ்திவாரம் போடும்போது சிமெண்ட் குறைந்தால் என்ன ஆகும்? பிறகு சுவருக்கு எவ்வளவு பூசினாலும் அந்தக் குறை முழுதாகத் தீராது. மூளைக்குச் சிமெண்ட் எது? புரதம், கொழுப்பு, இரும்புச் சத்து, அயோடின், வைட்டமின்கள். தாய் சாப்பிடுவதிலிருந்தும் தாய்ப்பாலிலிருந்தும் குழந்தைக்கு இவை கிடைக்க வேண்டும்.

உடம்புக்குள் ஒரு காவலாளி

நம் உடம்புக்குள் ஒரு காவலாளி இருக்கிறார். ஆபத்து வந்தால் எழுப்புவதுதான் அவர் வேலை.

ரோட்டைக் கடக்கிறோம். திடீரென்று ஒரு டெம்போ வருகிறது. மூளை உடனே செய்தி அனுப்புகிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சுரப்பி விழித்துக்கொள்கிறது. நெஞ்சு படபடக்கிறது. ரத்தம் கை கால்களுக்குப் பாய்கிறது. நாம் தாவி ஒதுங்குகிறோம். அப்போது சுரக்கும் பொருள்களில் ஒன்றின் பெயர் கார்ட்டிசால்.

டெம்போ போய்விட்டது. இப்போது காவலாளி அடங்க வேண்டும். "போதும், ஆபத்து இல்லை" என்று மூளையே சொல்லும். படபடப்பு குறையும். நல்ல உடம்பில் இப்படித்தான் நடக்கும்.

இந்தக் காவலாளி வேலை பழகுவதும் அந்த ஆயிரம் நாளில்தான். தாய் பட்டினி கிடந்தால் குழந்தையின் உடம்பு அதை ஒரு செய்தியாக எடுத்துக்கொள்கிறது. "வெளியே கஷ்ட காலம். எப்போதும் விழிப்பாக இரு" என்பது அந்தச் செய்தி. காவலாளி அப்படியே பழகிவிடுகிறார். பிறகு சின்னச் சத்தத்துக்கும் விசில் ஊதுகிறார். ஊத ஆரம்பித்தால் சீக்கிரம் நிறுத்துவதும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. தாய் பதறினால் தாயின் உடம்பில் கார்ட்டிசால் கூடும். அது குழந்தையை அதிகம் தொடாதபடி நஞ்சுக்கொடி ஒரு வேலி போல் நிற்கிறது. தாய்க்குப் புரதம் மிகவும் குறைந்தால் இந்த வேலி மெலிகிறது. விலங்குகளிடம் செய்த சோதனைகளில் இது தெரிய வந்தது.

மைசூரின் பழைய பதிவேடுகள்

மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை இருக்கிறது. அங்கே 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் தலைச் சுற்றளவையும் நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். நர்சுகள் பொறுமையாக எழுதிய நோட்டுகள் அவை.

பல ஆண்டுகள் சென்றன. 1990-களில் ஆராய்ச்சியாளர்கள் அந்த நோட்டுகளை எடுத்தார்கள். அங்கே பிறந்து, அதே ஊரில் வாழ்ந்துவந்த 517 பேரைத் தேடிப் பிடித்தார்கள். அவர்கள் அப்போது நடுவயதினர். எல்லாருக்கும் இதயத்தைப் பரிசோதித்தார்கள். முடிவு 1996-இல் வெளிவந்தது.

பிறக்கும்போது இரண்டரைக் கிலோ அல்லது அதற்குக் குறைவாக இருந்தவர்களில் 100-க்கு 11 பேருக்கு இதய நோய் இருந்தது. நல்ல எடையோடு பிறந்தவர்களில் 100-க்கு 3 பேருக்குத்தான் இருந்தது.

பிறந்த நாள் எடைக்கும் நடுவயது நெஞ்சு வலிக்கும் தொடர்பு இருக்கிறது! நம் பக்கத்து ஊரிலேயே இது தெரிய வந்தது.

ஹாலந்தின் பசிக் காலம்

மைசூரில் இதயத்தைப் பார்த்தார்கள். பதற்றத்தைப் பார்த்தவர்களும் உண்டு. அது ஐரோப்பாவில் நடந்தது.

இரண்டாம் உலகப் போர்க் காலம். 1944-ஆம் ஆண்டின் கடைசி. ஹாலந்து நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் ஜெர்மன் ராணுவம் தடுத்தது. குளிர் காலம் வேறு. ரேஷனில் கொஞ்சம் ரொட்டி, கொஞ்சம் உருளைக்கிழங்கு. ஒரு ஆளுக்கு வேண்டிய உணவில் பாதிகூட இல்லை. கர்ப்பிணிகளும் பட்டினி கிடந்தார்கள். 1945 மே மாதம் போர் முடிந்தது. உணவு வந்தது.

அந்தப் பஞ்சத்தில் கருவில் இருந்த குழந்தைகள் பிறகு வயிறாரச் சாப்பிட்டே வளர்ந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டியபோது ஆம்ஸ்டர்டாம் நகரத்து டாக்டர்கள் அவர்களைப் பரிசோதித்தார்கள். பலர் முன்னால் பேசச் சொல்வது போன்ற சில சோதனைகளைக் கொடுத்தார்கள். அப்போது ரத்த அழுத்தத்தை அளந்தார்கள். கருவாகி முதல் சில மாதங்களில் பஞ்சத்தைப் பட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் மற்றவர்களைவிட அதிகமாக ஏறியது. அவர்களிடம் இதய நோயும் கூடுதலாக இருந்தது.

பசி சில மாதம்தான். அதன் சுவடு ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் தெரிந்தது.

ஜமைக்காவின் குழந்தைகள்

ஹாலந்தில் பஞ்சம் போரால் வந்தது. நம்மிடையே பசி அப்படி வருவதில்லை. வறுமையால் வருகிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. அப்படிப்பட்ட ஊர் ஜமைக்காவின் தலைநகரம் கிங்ஸ்டன்.

கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில் ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரை உள்ள குழந்தைகளை அளந்தார்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளைக் கண்டுபிடித்தார்கள். நெடுநாள் சத்துக் குறைவின் அடையாளம் அது. அவர்கள் பள்ளிக்கூட வயதுக்கு வந்ததும் மறுபடி பார்த்தார்கள். மனத்துக்குச் சிரமமான சிறு சோதனைகளைக் கொடுத்தார்கள். இதயத் துடிப்பை எண்ணினார்கள். எச்சிலை எடுத்துக் கார்ட்டிசாலை அளந்தார்கள்.

சிறு வயதில் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு இதயம் வேகமாகத் துடித்தது. கார்ட்டிசாலும் கூடுதலாக இருந்தது. இது 1998-இல் வெளியான உண்மை.

பாண்டுப்பில் பரீட்சைக்குப் பயந்து சுருண்ட பையன் நினைவுக்கு வருகிறானா?

வலி எப்படிக் கூடுகிறது?

வலியும் காவலாளியின் விசில்தான். "இங்கே அடிபட்டது, கவனி" என்று நரம்பு மூளைக்குச் சொல்கிறது. சிராய்ப்பு சின்னதா, பெரியதா என்று மூளை எடை போடுகிறது. சின்னது என்றால் வலியை மூளையே கொஞ்சம் தணித்துவிடும்.

எலிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். குட்டியாக இருந்தபோது சில எலிகளுக்குப் போதிய உணவு கொடுக்கவில்லை. பிறகு வயிறு நிறையக் கொடுத்து வளர்த்தார்கள். வளர்ந்த பிறகு மிக லேசான மின்சாரத்தைத் தொட வைத்தார்கள். மற்ற எலிகள் அசையாத அளவுக்கே இந்த எலிகள் துள்ளின. மனிதன் எலி அல்ல. ஆனாலும் எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

ஒரு காலத்தில் பச்சைக் குழந்தைக்கு வலியே தெரியாது என்று பல டாக்டர்கள் நம்பினார்கள். போதிய மயக்க மருந்து கொடுக்காமலே அறுவைச் சிகிச்சை செய்தார்கள். இது தவறு என்று 1987-இல் நிரூபித்தவர்களில் முதன்மையானவர் ஒரு இந்தியர். பெயர் டாக்டர் கன்வல்ஜீத் சிங் ஆனந்த். இந்தூரில் மருத்துவம் படித்தவர். குறை மாதக் குழந்தைகூட வலியில் எவ்வளவு பதறுகிறது என்பதை ரத்தத்தை அளந்து காட்டினார். அதன் பிறகு உலகமெங்கும் சிகிச்சை முறை மாறியது.

ஆகவே "சின்னப் பிள்ளைக்கு என்ன வலி?" என்று சொல்லக் கூடாது. "இதுக்குப் போய் அழுவாங்களா?" என்றும் கேட்கக் கூடாது. அவனுக்கு வலிப்பது உண்மை.

இது தலைவிதியா?

இல்லை. இதை நன்றாக மனத்தில் வைக்க வேண்டும்.

எடை குறைந்து பிறந்த எல்லாரும் பயந்தவர்களாக ஆவதில்லை. பயந்த பிள்ளைகள் எல்லாரும் பசியில் வளர்ந்தவர்களும் இல்லை. வீட்டுச் சண்டை, அடி, குடி, தாயின் துயரம், தூக்கம் இல்லாத இரவு எல்லாமே காவலாளியை உசுப்பும். பசி அவற்றில் ஒன்று. ஆனால் பெரிய ஒன்று.

அதே ஜமைக்கா நல்ல செய்தியையும் சொல்கிறது. 1986-1987-இல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைச் சேர்த்தார்கள். சிலருக்கு ஒவ்வொரு வாரமும் பால் மாவு கொடுத்தார்கள். சிலர் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணிப்பெண் போனார். தாயும் பிள்ளையும் சேர்ந்து விளையாடக் கற்றுக்கொடுத்தார். விலை உயர்ந்த பொம்மை இல்லை. காலி டப்பா, மூடி, அட்டை இவற்றில் செய்த பொம்மைகள். சிலருக்கு இரண்டும் கிடைத்தது. சிலருக்கு ஒன்றும் இல்லை. இரண்டு ஆண்டு இப்படி நடந்தது.

பிறகு என்ன ஆனது? 17, 18 வயதில் பார்த்தார்கள். தாயோடு விளையாடி வளர்ந்தவர்களுக்குக் கவலையும் மனச் சோர்வும் குறைவாக இருந்தன. 22 வயதில் பார்த்தார்கள். விளையாட்டு கிடைக்காதவர்களைவிட அவர்கள் நூற்றுக்கு 25 பங்கு அதிகம் சம்பாதித்தார்கள். பால் மாவு மட்டும் பெற்றவர்களிடம் இந்த நன்மை நீடிக்கவில்லை.

அப்படியானால் உணவு வேண்டாமா? வேண்டும். உணவு இல்லாமல் உடம்பு வளராது. ஆனால் உணவு மட்டும் போதாது. அணைப்பும் பேச்சும் விளையாட்டும் சேர வேண்டும். பயந்த காவலாளியை அமைதிப்படுத்துவது அன்பான கைதான்.

மும்பை காட்டிய வழி

மும்பையிலேயே ஒரு நல்ல முயற்சி நடந்தது. சயான் மருத்துவமனையில் குழந்தை மருத்துவராக இருந்தவர் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ். எடை குறைந்த குழந்தைகள் அங்கே ஏராளமாகப் பிறந்தார்கள். சில தாய்மாருக்கு உடனே பால் சுரக்கவில்லை. மற்றத் தாய்மாரின் உபரிப் பாலைச் சேகரித்து, சுத்தப்படுத்தி, இந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்தால் என்ன? 1989-இல் அங்கே தாய்ப்பால் வங்கி தொடங்கியது. ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி அதுதான்.

ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே குடிசையில் தாயைக் கவனிக்க வேண்டும் என்றும் அவர் உணர்ந்தார். 1999-இல் ஸ்னேஹா என்ற அமைப்பைத் தொடங்கினார். அது தாராவி போன்ற இடங்களில் அங்கன்வாடிகளோடு சேர்ந்து வேலை செய்கிறது.

வேலை இன்னும் நிறைய இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 35 பேருக்கு மேல் வயதுக்கேற்ற உயரம் இல்லை. மகாராஷ்டிரத்திலும் 35 பேர். தமிழ்நாட்டில் 25 பேர்.

நாம் என்ன செய்யலாம்?

கர்ப்பிணி வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாப்பிட வேண்டும். பருப்பு, கீரை, முட்டை, நிலக்கடலை, கேழ்வரகு எல்லாம் நல்லவை. கேழ்வரகை மும்பையில் நாச்னி என்பார்கள். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கத்தைக் கர்ப்ப காலத்திலாவது விட வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையை 180 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட உடனே டீ குடிக்கக் கூடாது. டீ இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது.

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. தண்ணீர்கூட வேண்டாம். பிறகு குழைத்த சோறு, பருப்பு, காய், முட்டை சேர்க்க வேண்டும். தாய்ப்பாலை இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம்.

பேதி குழந்தையின் சத்தைத் திருடுகிறது. மும்பையின் பெரும் பகுதிக்கு வரும் குடிநீர் பாண்டுப்பில்தான் சுத்தம் செய்யப்படுகிறது. ஆனால் குழாயிலிருந்து குடம், குடத்திலிருந்து டம்ளர் என்று வரும் வழியில் அழுக்கு சேர்ந்துவிடும். தண்ணீரைக் காய்ச்சி ஆற வைக்க வேண்டும். பேதியானால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கரைத்துக் கொடுக்க வேண்டும். பொட்டலம் இல்லையா? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூனைத் தலை தட்டி அளக்க வேண்டும்.

அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்க்க வேண்டும். கையின் சுற்றளவை அளக்க ஒரு வண்ண நாடா இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை அதைப் பயன்படுத்தலாம். பச்சை வந்தால் நல்லது. மஞ்சள் வந்தால் கவனம். சிவப்பு வந்தால், அதாவது 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தடுப்பூசி போடும்போது குழந்தையை மார்போடு அணைத்துப் பால் கொடுங்கள். வலி குறையும். இது சோதித்துப் பார்த்த உண்மை. எடை குறைந்த குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் சேர்த்துக் கட்டிக்கொள்வதும் நல்லது. 1978-இல் கொலம்பியா நாட்டில் தொடங்கிய முறை இது. அப்பாவும் இப்படிக் கட்டிக்கொள்ளலாம்.

வளர்ந்த பிள்ளை பயந்தால் அடிக்காதீர்கள், கேலி செய்யாதீர்கள். அருகில் உட்காருங்கள். மெதுவாக மூச்சு விடச் சொல்லுங்கள். வலி அடிக்கடி வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மறுபடியும் பாண்டுப்

அம்மா வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். அப்பா எடை அட்டையை வாங்கிப் பார்த்தார். வேலை இல்லாத அந்த மழைக் காலம் அவருக்கு நினைவு வந்தது. வெகு நேரம் பேசவில்லை.

"அது உங்க தப்பும் இல்ல, என் தப்பும் இல்ல. கூலி இல்லாம போச்சு. ஆனா அடிச்சது நம்ம தப்பு" என்றார் அம்மா.

அடுத்த பரீட்சை வந்தது. காலையில் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்பா அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வலிக்குதாலே?"

"ஆமாப்பா."

"சரி. வா, ரெண்டு பேரும் சேர்ந்து நடப்போம். ஸ்கூல் வாசல் வரைக்கும் நான் வாரேன்."

வேலைக்கு அரை மணி நேரம் தாமதமானது. ஆனாலும் கையைப் பிடித்துக்கொண்டே சரிவில் இறங்கினார்கள். வலி முழுதும் போகவில்லை. ஆனால் பையன் பரீட்சை எழுதினான்.

அன்று இரவு பாட்டி சோறு பரிமாறினார். முதல் தட்டைக் கர்ப்பிணி மருமகள் முன்னால் வைத்தார். அதில் ஒரு முட்டையும் இருந்தது.

பேசுவோம்

1. உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? ஏன்?

2. ஆயிரம் நாள் என்பது எது முதல் எது வரை?

3. "நடிக்கிறான்" என்று நாம் சொல்லும் பிள்ளை உங்கள் தெருவில் உண்டா? அவனிடம் இனி எப்படிப் பேசுவீர்கள்?

4. உங்கள் அங்கன்வாடியில் வண்ண நாடா இருக்கிறதா? போய்க் கேட்டு வாருங்கள்.